மால்குடி சுவாமியும் தங்கவயல் தாத்தாவும்: இதெல்லாம் தெரியுமா?

‘கே.ஜி.எஃப்.’ முதல் பாகத்தை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? ராக்கி பாய் வரும் காட்சிகளை எல்லாம் மனப்பாடமாகச் சொல்வீர்கள். சரி, அந்தக் கதையையே நமக்குச் சொல்கிறாரே ஒரு பெரியவர், தடைசெய்யப்பட்ட ‘எல் டொராடோ’ புத்தகத்தை எழுதிய பத்திரிகையாளர் ஆனந்த் இங்களகி, அவரை எங்கே பார்த்திருக்கிறீர்கள் என்று யோசித்ததுண்டா? தூர்தர்ஷன் காலத்துப் பிள்ளைகள் என்றால் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கதர் ஜிப்பா, மிட்டாய்க் கடை, கல்லாப்பெட்டி, பக்கத்தில் ஒரு பகவத் கீதை. ஆமாம், அவரேதான்! ‘மால்குடி டேஸ்’ தொடரில் மிட்டாய்க்கடை ஜகனாக வந்த அனந்த் நாக்!

2018 டிசம்பரில் அந்தப் படம் வந்தபோது எங்கள் தங்கவயலே, அதாவது நிஜமான கே.ஜி.எஃப்.பே, தியேட்டரில் இருந்தது. சுரங்கக் கழிவு குவிந்த எங்கள் சைனைடு மேட்டைத் திரையில் பார்த்து விசில் பறந்தது. எனக்கோ அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன படத்தில் கதை சொல்ல வந்தவர், எங்கள் சின்ன வயதில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டு டிவி வழியாக வந்த அதே மிட்டாய்க்கார மாமா! அவருக்கு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும் டிவி ஆசிரியர் யார் தெரியுமா? கே. பாலசந்தரின் ‘அண்ணி’ தொடரில் நம் வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்ட மாளவிகா அவினாஷ்!

இதோடு முடியவில்லை. இரண்டாம் பாகத்தில் அனந்த் நாக் இல்லை. அவருடைய மகனாக வந்து கதையைத் தொடர்ந்தவர் பிரகாஷ்ராஜ். அதற்கு முன்பே பிரகாஷ்ராஜ் இன்னொரு முறை அனந்த் நாக்கின் இடத்தில் நின்றிருக்கிறார் என்பது தெரியுமா? கன்னடத்தில் 2016-இல் வந்த ‘கோதி பண்ண சாதாரண மைகட்டு’ படத்தில் ஞாபக மறதி நோயால் தொலைந்துபோகும் அப்பாவாக அனந்த் நாக் நடித்தார். அதைத்தான் ராதாமோகன் தமிழில் ‘60 வயது மாநிறம்’ என்று எடுத்தார். அப்பா வேடம் பிரகாஷ்ராஜுக்கு. ஒரே நடிகர் விட்ட இடத்தை இன்னொருவர் இரண்டு முறை வாங்கிக்கொண்டிருக்கிறார்!

இவ்வளவுக்கும் வேர் 1986-இல் எடுக்கப்பட்ட அந்தத் தொடர்தான். ஆர்.கே. நாராயண் எழுதிய கதைகள். இயக்கம் சங்கர் நாக், அனந்த் நாக்கின் தம்பி. மொத்தம் 39 பகுதிகள். எங்கள் லைனில் டிவி இருந்த வீட்டு வாசலில் செருப்பு குவிந்துகிடக்கும். தொடர் இந்தியில் ஓடும். எங்களில் பாதிப் பேருக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. ஆனாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள். அந்த முகங்கள் பேசிய மொழி எல்லோருக்கும் புரிந்தது.

அதில் ஒரே ஒரு பகுதியைப் பற்றி இன்று சொல்லியே ஆக வேண்டும். ‘எ ஹீரோ’, அதாவது வீரன். கதை இவ்வளவுதான். சிறுவன் சுவாமியின் அப்பா பேப்பர் படிக்கிறார். காட்டு வழியில் ஒரு கிராமத்துச் சிறுவன் புலியை எதிர்த்து நின்றான் என்று செய்தி. சுவாமி நம்பவில்லை, அது பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்கிறான். உடல் பலம் பெரிதில்லை, தைரியம்தான் முக்கியம் என்கிறார் அப்பா. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ‘சரி, உனக்குத் தைரியம் இருந்தால் இன்று ராத்திரி என் ஆபீஸ் அறையில் தனியாகப் படு’ என்றுவிடுகிறார்! சுவாமியோ பாட்டி பக்கத்தில் படுத்தே பழக்கப்பட்ட பையன். கெஞ்சுகிறான், ஒளிகிறான், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதுபோல் நடிக்கிறான். எதுவும் பலிக்கவில்லை. அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறார். இருட்டு அறை. பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொள்கிறான். கனவில் புலி துரத்துகிறது. விழித்தால், நிஜமாகவே ஏதோ ஒன்று அறைக்குள் நகர்கிறது. பேய்தான் வந்துவிட்டது, செத்தோம் என்று பயத்தின் உச்சியில் பாய்ந்து அதன் காலைக் கடிக்கிறான். ஐயோ என்று அலறி விழுகிறவன் மாவட்டத்தையே கலங்கடித்த வீடு புகுந்து திருடும் கள்வன்! மறுநாள் பள்ளிக்கூடமே கைதட்டுகிறது. போலீஸ் இன்ஸ்பெக்டர், ‘நீ எங்கள் துறையில் சேரலாமே’ என்கிறார். சுவாமி மரியாதைக்குத் தலையாட்டுகிறான். அவன் மனதில் இருப்பது இன்ஜின் டிரைவர், இல்லாவிட்டால் பஸ் கண்டக்டர். அன்று ராத்திரி அப்பா கிளப்பிலிருந்து திரும்பி, ‘எங்கே அவன்?’ என்று தேடினால், வீரன் பாட்டி பக்கத்தில் சுருண்டு தூங்குகிறான்.

தங்கவயல் பிள்ளைகளுக்கு இந்தக் கதை வேறு மாதிரி இறங்கும். எங்கள் ராத்திரிகள் அப்படிப்பட்டவை. சங்கு ஊதினால் நைட் ஷிப்டுக்கு அப்பாக்கள் குழிக்குள் இறங்கிவிடுவார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். நடு ராத்திரியில் திடீரென்று ‘ராக் பர்ஸ்ட்’ வரும். பூமிக்கடியில் பாறை வெடித்து வீடே ஒரு குலுங்கு குலுங்கும், பாத்திரங்கள் உருளும். கீழே அப்பா இருக்கிறாரே என்று அம்மா எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் பிள்ளை பாட்டியைக் கட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? சுவாமியின் பயத்தைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இந்தி தேவைப்படாததன் காரணம் அதுதான்.

இப்போது சுவாமியின் வீட்டுக்குள் இருந்தவர்களைப் பாருங்கள். மலைத்துப்போவீர்கள்!

புலிக் கதை சொல்லிப் பையனை இருட்டு அறைக்கு அனுப்பிய அப்பா யார்? கிரிஷ் கர்னாட். ‘துக்ளக்’ எழுதிய நாடகாசிரியர். 1998-இல் ஞானபீட விருது பெற்றவர். ஒரு டிவி தொடரில் அப்பா வேடத்துக்கு எப்படிப்பட்ட ஆளைப் பிடித்திருக்கிறார் சங்கர் நாக் என்று யோசியுங்கள். ‘துக்ளக்’கை இந்திய மொழிகள் பலவற்றில் மேடையேற்றிக்கொண்டிருந்த காலத்தில், அதை எழுதியவர் படப்பிடிப்பு நடந்த ஆகும்பேயில் ஒரு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு சின்னப் பையனை மிரட்டிக்கொண்டிருந்தார்! அவர் நம் சென்னைக்காரரும்கூட என்பது தெரியுமா? 1960களில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் சென்னை அலுவலகத்தில் வேலை பார்த்தார். மெட்ராஸ் பிளேயர்ஸ் நாடகக் குழுவில் நடித்தார். கன்னட சினிமாவையே திருப்பிப் போட்ட ‘சம்ஸ்காரா’ (1970) அந்தச் சென்னை நண்பர் வட்டத்திலிருந்து பிறந்த படம். திரைக்கதையும் அவர்தான், நாயகன் பிராணேசாசாரியாரும் அவர்தான். அகில இந்திய அளவில் சிறந்த படத்துக்கான தேசிய விருதைக் கன்னடத்துக்கு முதன்முதலில் வாங்கித் தந்தது அது.

அப்புறம் தமிழ் சினிமா அவரைப் பிடித்துக்கொண்டது, அதுவும் கண்டிப்பான அப்பாவாகவே! மால்குடி எடுக்கப்பட்ட அதே 1986-இல் ‘நான் அடிமை இல்லை’ படத்தில் ஸ்ரீதேவிக்கு அப்பா. ரஜினிக்கு முட்டுக்கட்டை போடும் மாமனார். சுவாமி பஸ் கண்டக்டர் ஆக ஆசைப்பட்டான். அவன் அப்பாவோ, பெங்களூரில் நிஜமாகவே கண்டக்டராக இருந்தவரை மாப்பிள்ளையாக ஏற்க மறுத்துக்கொண்டிருந்தார்! 1994-இல் ‘காதலன்’ படத்தில் நக்மாவின் அப்பாவாக, மிரட்டும் கவர்னர். 1997-இல் ‘மின்சார கனவு’ படத்தில் கஜோலின் அப்பா.

அவரோடு சேர்ந்து வரும் இன்னொரு அதிசயம், புலி. சுவாமிக்குப் புலிக் கதை சொன்ன அதே மனிதர் 2012-இல் ‘ஏக் தா டைகர்’ படத்தில் டைகர் என்ற உளவாளியை ஏவும் ‘ரா’ தலைவர். 2017-இல் ‘டைகர் ஜிந்தா ஹை’ படத்திலும் அதே வேடம். அப்போது அவருக்கு உடல்நலம் இல்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அப்படியே வந்து நடித்துவிட்டுப் போனார். உடல் பலம் பெரிதில்லை, தைரியம்தான் என்று அன்று பையனிடம் சொன்ன வாக்கியத்தை இந்தக் காட்சியோடு சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. இன்னும் ஒன்று: அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ ஆங்கில ஒலிப்புத்தகத்தில் ராமேஸ்வரத்துப் பையனின் கதையைச் சொல்லும் குரலும் கர்னாடினுடையதே!

அம்மாவாக வந்தவர் வைசாலி காசரவள்ளி. அதிகம் பேசாத அம்மா. கணவனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்று கண்ணாலேயே தவிப்பார். இவரை வெறும் ‘சுவாமியின் அம்மா’ என்று கடந்துபோகிறவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. கர்நாடகத்தில் கலைப்படம் என்றாலே நினைவுக்கு வரும் கிரிஷ் காசரவள்ளியின் மனைவி. அதற்கும் மேல், தன்னளவில் ஒரு கலைஞர். ‘தாயி சாஹேபா’ படத்தின் ஆடை வடிவமைப்புக்கு தேசிய விருது வாங்கியவர். பின்னாளில் ‘மூடல மனே’, ‘முத்தின தோரண’ போன்ற கன்னடத் தொடர்களைத் தானே இயக்கினார். 2010-இல் ஐம்பத்தெட்டு வயதில் போய்விட்டார். அந்த வீட்டின் முற்றத்தையும் மழையையும் படம்பிடித்த ஒளிப்பதிவாளர் எஸ். ராமச்சந்திரா, காசரவள்ளியின் ‘கடஶ்ராத்த’ படத்தின் கேமராமேன். அதாவது ஒரு சின்னத்திரைத் தொடருக்கு, இந்தியாவின் மிகச் சிறந்த பெரிய திரைக் கண் ஒன்று வேலை செய்திருக்கிறது!

சுவாமி? மாஸ்டர் மஞ்சுநாத். அந்தச் சிரிப்பை மறக்க முடியுமா? திருடன் காலைக் கடித்த பையன் நாலு வருடத்தில் என்ன ஆனான் தெரியுமா? 1990-இல் ‘அக்னிபத்’ படத்தில் சின்ன வயது அமிதாப் பச்சன்! தகப்பனை இழந்து நெருப்பாக நிற்கும் விஜய் தீனாநாத் சவுகான் என்ற அந்தச் சிறுவன் நம் சுவாமியேதான். ஆனால் வளர்ந்ததும் மஞ்சுநாத் நடிப்பை வைத்துவிட்டுப் படித்தார், மக்கள் தொடர்புத் துறையில் வேலைக்குப் போனார். புகழின் உச்சியிலிருந்து இறங்கி வந்து நிம்மதியாகத் தூங்கப் போன பிள்ளை. கதையில் சுவாமி செய்ததும் அதைத்தானே!

ரமேஷ் பட்டைச் சொல்லாமல் விட்டால் கன்னடக்காரர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். சங்கர் நாக்கின் நிழல்போல இருந்த நண்பர். மால்குடியில் நடித்தார், கூடவே வேலையும் பார்த்தார். பிறகு தூர்தர்ஷன் கன்னடத்தில் ‘கிரேஸி கர்னல்’ என்ற நகைச்சுவைத் தொடரின் நாயகன் ஆனார். நமக்கு ஒரு கிரேஸி மோகன் என்றால் அவர்களுக்கு ஒரு கிரேஸி கர்னல்.

இனி இசை. அந்த ‘தா நா நா’ மெட்டு காதில் ஒலிக்கிறதா? போட்டவர் எல். வைத்தியநாதன், நம்மவர். வயலின் மேதைகள் எல். சுப்பிரமணியம், எல். சங்கர் இருவருக்கும் அண்ணன். யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்த லட்சுமிநாராயணாவின் மகன். பாரதி பாடல்களுக்கு ‘ஏழாவது மனிதன்’ படத்தில் உயிர் கொடுத்தவரும் அவரே. 1987-இல் வந்த, வசனமே இல்லாத ‘பேசும் படம்’ நினைவிருக்கிறதா? கமல் வாய் திறக்காத அந்தப் படத்தில் பேசியது முழுக்க வைத்தியநாதனின் பின்னணி இசை. மால்குடி பாஷை தெரியாமலே எங்களுக்குப் புரிந்ததன் ரகசியத்தில் பாதி இவர் கையில் இருந்திருக்கிறது.

எழுதிய நாராயண் புரசைவாக்கத்தில் 1906-இல் பிறந்த தமிழர். மைசூரில் வாழ்ந்தார், ஆங்கிலத்தில் எழுதினார். தொடருக்குக் கோட்டுச் சித்திரம் போட்டவர் அவருடைய தம்பி ஆர்.கே. லக்ஷ்மண். மால்குடி என்ற ஊர் நாராயணின் மனதில் உதித்தது 1930 விஜயதசமி அன்று, பெங்களூரில். முதலில் தெரிந்தது ஒரு சின்ன ரயில் நிலையமாம். அதே 1930-இல், அதே மைசூர் சமஸ்தானத்தின் இன்னொரு மூலையில் என்ன நடந்தது தெரியுமா? கைரேகை வைத்தால்தான் வேலை என்று கம்பெனி கொண்டுவந்த விதியை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளிகள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குழியில் இறங்கிய தமிழர்கள், நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்று எழுந்து நின்ற வருடம். பாட்டன் ஒருவன் கைரேகை வைக்க மறுத்த வருடத்தில்தான் சுவாமியின் ஊர் பிறந்தது. எனக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இரண்டுமே கன்னட மண்ணில் தமிழர் போட்ட வேர்.

நாராயணுக்கும் தமிழ் சினிமாவுக்கும் உள்ள ஒரு பழைய முடிச்சையும் சொல்லிவிடுகிறேன். 1947-இல் ஜெமினி எடுத்த ‘மிஸ் மாலினி’க்குக் கதை அவர்தான். அதில் ஒரு சின்ன வேடத்தில் தலைகாட்டிய இளைஞர் பின்னாளில் ஜெமினி கணேசன்!

மிட்டாய்க்கடை ஜகனுக்கு வருவோம். எட்டுப் பகுதிகளாக ஓடிய கதை அது. அறுபதை நெருங்கும் காந்தியவாதி ஜகனாக நடித்தபோது அனந்த் நாக்குக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஜகனின் மகன் அமெரிக்கா போய்த் திரும்பி வருகிறான். வந்தவன் என்ன வியாபாரம் தொடங்கப் பார்க்கிறான் தெரியுமா? கதை எழுதும் இயந்திரம்! பொத்தானை அழுத்தினால் கதை எழுதித் தரும் மெஷின். நாவல் வெளியானது 1967-இல். இன்று செயற்கை நுண்ணறிவு கதை எழுதுகிறது என்று உலகமே வாயைப் பிளக்கிறது. மைசூரில் உட்கார்ந்திருந்த ஒரு தமிழர் அதைக் கற்பனை செய்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த ஜகன், நிலக்கிழார் மகனாக வந்து நம்மைப் பதறவைத்த ‘அங்குர்’ (1974) நாயகன், தங்கவயலின் கதைசொல்லி, மூவரும் ஒரே ஆள். 2025-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது.

தம்பி சங்கர் நாக்கைப் பற்றி எழுதும்போது பேனா நடுங்குகிறது. ஆட்டோ ஓட்டுநர்கள் இன்றும் வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும் ‘ஆட்டோ ராஜா’. ‘கீதா’, ‘ஆக்சிடென்ட்’ படங்களுக்கு இளையராஜாவை இசையமைக்க வைத்தவர். தங்கவயல் மாதிரி வறண்ட மேட்டில் இருந்து பார்த்தால் நம்பவே முடியாத ஆகும்பே மழையில், வருடத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டும் ஊரில், மால்குடியைக் கட்டி எழுப்பியவர். 1990 செப்டம்பர் 30, தாவணகெரே அருகே கார் விபத்து. வயது 35. அவருடைய மனைவி அருந்ததி நாக் துவண்டுவிடவில்லை. 2004-இல் பெங்களூரில் கணவர் பெயரில் ‘ரங்க சங்கரா’ நாடக அரங்கை எழுப்பிக் காட்டினார். ‘மின்சார கனவு’ படத்தில் மடத்துத் தலைவி வேடத்தில் வந்தவர் இவர்தான். ‘பா’ படத்துக்காக தேசிய விருதும் பெற்றார்.

ஆகும்பேயில் சுவாமியின் வீடாக வந்த தொட்டமனே இன்றும் இருக்கிறது. மால்குடி ரயில் நிலையமாக நடித்த அரசாளு நிலையம், சிவமொக்கா மாவட்டத்தில், 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாகவே மாறிவிட்டது. கலை இயக்குநர் ஜான் தேவராஜ் தொடருக்காகச் செய்த வேலைக்கு முப்பது வருடங்களுக்கும் மேல் கழித்து ரயில்வே துறையே மரியாதை செய்திருக்கிறது!

கடைசியாக ஒன்று. இதைப் படித்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். 1986-இல் நாராயணை மாநிலங்களவைக்கு நியமித்தார்கள். அங்கே அவர் பேசியது எதைப் பற்றித் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பை! பிள்ளைகள் முதுகு வளைந்து மூட்டை தூக்குகிறார்கள் என்று சுவாமியைப் படைத்தவர் மன்றாடினார். அந்தப் பேச்சு கிளப்பிய விவாதம்தான் 1992-இல் யஷ்பால் குழு அமையக் காரணமாயிற்று. ‘சுமையற்ற கல்வி’ என்ற அறிக்கை அடுத்த வருடம் வந்தது. யஷ்பால் யார்? டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த விஞ்ஞானி. அந்த நிறுவனத்தார்தான் 1965-இல் தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவி வைத்து, வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகப் பதிவுசெய்தவர்களில் ஒரு குழு ஆனார்கள். அந்தக் கருவிகளோடு இருட்டுக்குள் இறங்கிய நம் சுரங்கத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகள்தான், அதே நிறுவனத்து விஞ்ஞானி குறைக்கச் சொன்ன புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. சங்கு ஊதுவது நின்றது. விடிவதற்குள் மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்பும் அப்பா அம்மாக்கள் இன்று எங்கள் ஊரில் ஏராளம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, அந்த ‘வீரன்’ பகுதியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். யார் யார் நடித்தார்கள் என்ற பெயர்களைச் சேர்ந்து வாசியுங்கள். பார்க்கும்போது பிள்ளை பாட்டி பக்கத்தில் உட்காரட்டும்.